எரிமலை விழித்தால் எப்படித் தெரியும்? பினாடுபோவின் பத்து வாரங்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

1991 ஏப்ரல் 2 அன்று பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், பினாடுபோ மலையின் வடக்குச் சரிவு வெடித்து நீராவியும் சாம்பலும் கிளம்பின. மலையில் குடியிருந்த ஐட்டா பழங்குடி மக்கள் கீழே இறங்கி வந்தார்கள். அவர்களோடு இருந்து பணி செய்த கன்னியாஸ்திரீகள் வழியாகத்தான் செய்தி அரசின் காதுக்குப் போனது. அன்றைக்கு அந்த மலைமேல் ஒரு கருவிகூட இல்லை. காடு மூடிக் கிடந்த அதை எரிமலை என்று அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியவே தெரியாது.

ஜூன் 15 அன்று அதே மலை, இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய வெடிப்பாக வெடித்தது. இடையில் இருந்தது ஏறத்தாழ பத்து வாரம். அதற்குள் பிலிப்பைன்ஸின் எரிமலை, நிலநடுக்க ஆய்வு நிறுவனமான ஃபிவோல்க்ஸும், அமெரிக்க நிலவியல் ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு சிறு குழுவும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு முழுக் கண்காணிப்பையே கட்டி எழுப்பினார்கள். எரிமலைக் கண்காணிப்பைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு கருவியும் எதற்காக வந்தது, என்ன சொன்னது, எங்கே குழப்பியது என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கிறது.

நிலவியலோ இயற்பியலோ படிக்கும் மாணவர்களுக்கும், ஆய்வகங்கள் வெளியிடும் அன்றாட அறிக்கைகளைத் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி. ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: தனியாக ஓர் எண்ணுக்கு இதில் மதிப்பே கிடையாது. நேற்று எவ்வளவு இருந்தது, பக்கத்துக் கருவி என்ன சொல்கிறது என்ற இரண்டும் கூடவே வந்தால்தான் அது செய்தியாகும்.

படி 1: மலையின் பழைய கணக்கைப் பாருங்கள்

கருவிகளுக்கு முன்னால் மண்வெட்டி. சாலைக்காக வெட்டிய மேடுகளிலும் ஆற்றங்கரைகளிலும் பழைய வெடிப்புகளின் படிவுகள் அடுக்கடுக்காகத் தெரியும். நுரைக்கல்லும் சாம்பலும் கலந்த தடித்த அடுக்கு மலையிலிருந்து எவ்வளவு தூரம் வரை போயிருக்கிறது என்று நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். அதற்குள் புதைந்து கருகிய மரத்துண்டு கிடைத்தால் கார்பன் முறையில் வயது கண்டுபிடிக்கலாம்.

பினாடுபோவில் இதைச் செய்தபோதுதான் எல்லாரும் அதிர்ந்தார்கள். மலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கனல் மேக ஓட்டங்களின் (சுடும் வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாகச் சரிவில் பாய்ந்து இறங்குவது) படிவுகள் பரந்து கிடந்தன. மலையிலிருந்து சுமார் 25 கி.மீ. கிழக்கே இருந்த கிளார்க் விமானப்படைத் தளத்தின் அருகிலேயே அவை இருந்தன. கடைசிப் பெரிய வெடிப்பு நடந்து ஏறத்தாழ 500 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெடித்தால் இந்த மலை சின்னதாக வெடிக்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அபாய வரைபடத்தை மே மாதத்திலேயே வரைய முடிந்ததும் இந்த வேலையால்தான்.

இதோடு சேர்ந்தது, மலை அமைதியாக இருக்கும் நாட்களின் பதிவு. அது இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு ஐம்பது அதிர்வு அதிகமா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது. பினாடுபோவில் அது இல்லை. போதாக்குறைக்கு, 1990 ஜூலை 16 அன்று அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி லூசோனை 7.7 அளவிலான நிலநடுக்கம் தாக்கியிருந்தது. அதன் பின்னதிர்வுகளின் மிச்சமா, மலையே விழிக்கிறதா என்ற சந்தேகமும் கூடவே இருந்தது. ஆகவே நீங்கள் எந்த எரிமலையைப் பார்க்கத் தொடங்கினாலும் முதலில் அதன் ஓர் ஆண்டுப் பழைய அறிக்கைகளையாவது எடுத்து, சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

படி 2: நில அதிர்வுமானிகளை எங்கே வைப்பது

ஓர் அதிர்வுமானி இருந்தால் எண்ணலாம். இடம் சொல்ல முடியாது. அதிர்வு எங்கே, எவ்வளவு ஆழத்தில், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு நிலையங்கள் வேண்டும். அவையும் மலையைச் சுற்றி எல்லாத் திசையிலும் இருக்க வேண்டும். நான்கையும் ஒரே பக்கம் வைத்தால், இடக் கணக்கு அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.

ஆழம் சரியாக வர இன்னொரு விதி உண்டு. அதிர்வின் ஆழம் எவ்வளவோ, ஏறத்தாழ அந்தத் தூரத்துக்குள் ஒரு நிலையமாவது இருக்க வேண்டும். 3 கி.மீ. ஆழத்து அதிர்வை 20 கி.மீ. தள்ளியிருந்து பார்த்தால் அது 1 கி.மீ. ஆழமா 6 கி.மீ. ஆழமா என்று சொல்வது கஷ்டம். எரிமலையில் அந்த வித்தியாசம்தான் எல்லாமே.

கருவியைப் பாறைமேல் பதிக்க வேண்டும். பெரிய மரத்தடி வேண்டாம். காற்று அடித்தால் வேர் நிலத்தை ஆட்டும். ஆறு, சாலை, ஜெனரேட்டர் எல்லாமே எதிரி. அப்புறம் வானொலி அலைவரிசை வழியாக ஆய்வகத்துக்குச் சமிக்ஞை போக, நடுவில் மறைப்பு இருக்கக் கூடாது. பினாடுபோவில் ஏழு நிலையங்கள் இப்படி வைக்கப்பட்டு, எல்லாம் கிளார்க் தளத்தில் இருந்த அறைக்கு வந்து சேர்ந்தன.

படி 3: அலையைப் படிப்பது

நிலநடுக்கத்திலிருந்து முதலில் வருவது பி அலை. அழுத்தித் தள்ளிக்கொண்டு, மேலோட்டில் நொடிக்கு சுமார் 6 கி.மீ. வேகத்தில் வரும். பின்னால் வருவது எஸ் அலை. பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு, நொடிக்கு சுமார் 3.5 கி.மீ. வேகத்தில் வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே நொடிகளை எண்ணித் தூரம் சொல்வோமே, அதே கணக்குதான் இங்கும். இரண்டு அலைகளுக்கும் இடைப்பட்ட நொடிகளை 8ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். 5 நொடி என்றால் சுமார் 40 கி.மீ. எரிமலைக்கு அடியில் பாறை தளர்வாக இருப்பதால் வேகம் குறையும். அங்கே 8க்குப் பதிலாகச் சிறிய எண்ணைப் போட வேண்டும்.

எரிமலையில் தூரத்தைவிட முக்கியம், அலையின் சாயல். அடிப்படையில் மூன்று சாயல்களைக் கண்ணால் பிரிக்கப் பழகுங்கள்.

ஒன்று, பாறை முறியும் அதிர்வு. காய்ந்த விறகை ஒடிப்பதுபோல வெடுக்கென்று தொடங்கும். பி, எஸ் இரண்டும் தெளிவாகத் தெரியும். அதிர்வெண் அதிகம், பெரும்பாலும் 5 ஹெர்ட்ஸுக்கு மேல். நிலத்தடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குழம்பான மாக்மா வழி தேடிப் பாறையைத் தள்ளுகிறபோது இது வரும். ஆனால் மாக்மாவே இல்லாத சாதாரணப் பிளவுகளிலும் இதேதான் வரும்.

இரண்டு, நீள அலை அதிர்வு. மெதுவாகத் தொடங்கி, வழவழவென்று, ஒரே தாளத்தில் ஆடி அடங்கும். அதிர்வெண் ஏறத்தாழ 0.5 முதல் 5 ஹெர்ட்ஸ். எஸ் அலை எங்கே தொடங்குகிறது என்று குறிக்கவே முடியாது. மாடி வீட்டில் குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் குழாய் முனகுகிறதல்லவா, அதுபோன்றது இது. பாறை உடைவதால் வருவதல்ல. விரிசலுக்குள் இருக்கும் வாயுவோ நீரோ மாக்மாவோ அழுத்தம் மாறி ஆடுவதால் வருவது.

மூன்று, எரிமலை நடுக்கம். அதே அதிர்வு நிற்காமல் நிமிடக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் தொடர்வது.

பினாடுபோவில் மே மாதம் முழுக்கப் பெரும்பாலும் முதல் வகைதான். உச்சிக்கு வடமேற்கே சுமார் 5 கி.மீ. தள்ளி, 2 முதல் 6 கி.மீ. ஆழத்தில் திரண்டிருந்தது. நீராவி கிளம்பிய இடமோ வேறு. ஜூன் முதல் வாரத்தில் நீராவித் துளைகளுக்கு நேர் கீழே, ஆழம் குறைவான இரண்டாவது திரள் தோன்றியது. இடம் மாறியதும் எல்லாருடைய கவலையும் கூடியது. அதிர்வு எத்தனை என்று கேட்கிற அதே மூச்சில் எங்கே என்றும் கேளுங்கள்.

படி 4: எண்ணுவதோடு நிற்காதீர்கள்

செய்திகளில் 'ஒரே நாளில் ஆயிரம் நிலநடுக்கம்' என்று வரும். அது ஏறக்குறைய ஒன்றும் சொல்லாத எண். அளவு ஒரு படி கூடினால் அலையின் வீச்சு 10 மடங்கு, வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு. அளவு 4 அதிர்வு ஒன்று, அளவு 2 அதிர்வுகள் ஆயிரத்துக்குச் சமம்.

இன்னொரு ஆபத்தும் இதில் உண்டு. வெடிப்பு நெருங்கும்போது அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடும். தனித்தனியாக எண்ண முடியாமல் போகும். சின்னவை பெரியவற்றுக்குள் மறையும். எண்ணிக்கை குறைவதுபோலத் தாளில் தெரியும்; உள்ளே ஆற்றல் ஏறிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் ஆர்சாம் என்ற முறை வந்தது. எது எந்த வகை, எங்கிருந்து என்று எதுவும் பார்க்காது. அலையின் வீச்சை மட்டும் எடுத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சராசரி போட்டு ஒரே கோடாக வரையும். பினாடுபோவில் இரவு பகல் கண்விழித்தவர்களுக்கு இந்தக் கோடுதான் துணை. காற்றும் மழையும் லாரியும்கூட இதை ஏற்றிவிடும். ஆகவே ஒரு நிலையத்தில் மட்டும் ஏறினால் பொறுங்கள்; எல்லா நிலையத்திலும் சேர்ந்து ஏறினால் எழுந்திருங்கள்.

படி 5: நிலம் வீங்குகிறதா?

மாக்மா மேலே வந்தால் தரை அதற்கு இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதை மூன்று விதமாக அளக்கிறார்கள்.

சாய்வுமானி தரையின் சாய்வை அளக்கும். அதன் அலகு மைக்ரோரேடியன். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையை 1 மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. நிமிடத்துக்கு நிமிடம் மாற்றம் தெரியும். ஆனால் வெயில் ஏறினாலும் மழை பெய்தாலும் இதில் கோடு வளையும். தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் அது வெயில்தான்.

ஜிபிஎஸ் நிலையங்கள் மெதுவானவை, நம்பகமானவை. நாள் சராசரியில் சில மில்லிமீட்டர் வரை நகர்வைச் சொல்லும். மலையைச் சுற்றியுள்ள எல்லா நிலையங்களும் வெளிப்பக்கமாக நகர்ந்தால் உள்ளே நிரம்புகிறது என்று பொருள்.

மூன்றாவது, விண்ணிலிருந்து பார்க்கும் ரேடார். 1991இல் பினாடுபோவுக்கு இது கிடைக்கவில்லை. இன்று சென்டினல்-1 செயற்கைக்கோளின் இரண்டு படங்களை ஒப்பிட்டால் தரை அசைந்த இடம் வண்ண வளையங்களாகத் தெரியும். ஒரு முழு வளையம், செயற்கைக்கோளை நோக்கி 2.8 சென்டிமீட்டர். ஐந்து வளையம் என்றால் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். காற்றில் இருக்கும் ஈரமும் பொய் வளையம் போடும். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வீக்கத்திலிருந்து ஆழம் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் கியோ மோகி 1958இல், ஆழத்தில் ஒரு சிறு கோளம் ஊதினால் தரை எப்படி எழும் என்ற கணக்கைச் சகுராஜிமா எரிமலையின் அளவீடுகளோடு பொருத்திக் காட்டினார். அதன்படி, நடுவில் எவ்வளவு உயர்ந்ததோ அதில் பாதி உயர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தூரத்தை 1.3ஆல் பெருக்கினால் கோளத்தின் ஆழம். பாதி உயர்வு 3 கி.மீ. தள்ளி இருந்தால் மூலம் சுமார் 4 கி.மீ. கீழே. காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஒருமுறை போட்டுவிட்டால் அந்த வண்ண வளையங்கள் வெறும் படமாகத் தெரியாது.

வீக்கம் வந்தால் வெடிப்பு வந்தே தீரும் என்றும் இல்லை. இத்தாலியில் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் போட்சுவோலி நகரம் 1982 முதல் 1984 வரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது. வெடிப்பு வரவில்லை. அப்புறம் மெல்லத் தாழத் தொடங்கியது.

படி 6: வாயுவைக் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மாக்மா ஆழத்தில் இருக்கும்வரை கந்தக டைஆக்சைடு அதற்குள் கரைந்தே கிடக்கும். மேலே வந்து அழுத்தம் குறைந்தால் பிரிந்து வெளியே வரும். இந்த வாயு சூரிய ஒளியின் புறஊதாப் பகுதியை உறிஞ்சும். ஆகவே வாயு மேகத்துக்கு அடியில் விமானத்திலோ காரிலோ ஒரு நிறமாலைக் கருவியோடு கடந்து போய், எவ்வளவு ஒளி காணாமல் போனது என்று அளந்தால் அங்கே எவ்வளவு வாயு என்று தெரியும். அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒரு நாளைக்கு எத்தனை டன் என்று வரும். காற்றின் வேகத்தில் தவறினால் விடையும் அதே விகிதத்தில் தவறும்.

பினாடுபோவில் மே 13 அன்று ஒரு நாளைக்குச் சுமார் 500 டன். மே 28 அன்று 5,000 டன்னைத் தாண்டியது. மாக்மா மேலே வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி அதுவரை இல்லை. பிறகு சரசரவென்று இறங்கியது. ஜூன் 5 வாக்கில் 300 டன்னுக்கும் கீழே.

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மலை அடங்குகிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதே நாட்களில் அதிர்வுகள் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து, ஆர்சாம் கோடும் ஏறிக்கொண்டிருந்தது. மாக்மா நின்றிருந்தால் அதிர்வும் குறைந்திருக்க வேண்டும். வாயு குறைகிறது, அதிர்வு கூடுகிறது என்றால் வாயு போகும் வழி அடைபட்டுவிட்டது என்றுதான் பொருள். உள்ளே அழுத்தம் சேர்கிறது. குழுவினர் அப்படித்தான் படித்தார்கள், சரியாகப் படித்தார்கள். ஒரே எண்ணை மட்டும் வைத்திருந்தால் இந்த முடிவு தலைகீழாகப் போயிருக்கும்.

நிலத்தடி நீரிலும் இந்த வாயு கரைந்துவிடும். நீர் நிறைந்த மலையில் வாயு குறைவாக இருப்பது மாக்மா இல்லை என்பதற்குச் சாட்சியாகாது.

படி 7: எல்லாவற்றையும் ஒரே தாளில் வையுங்கள்

ஒரு நீளத் தாளில் நாட்களைக் கிடையாக எழுதி, அதிர்வு, ஆழம், ஆர்சாம், சாய்வு, வாயு என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். பினாடுபோவின் ஜூன் மாதத்தை அப்படி வரைந்தால் கதை தானே தெரியும்.

ஜூன் 5: ஐந்து நிலைகள் கொண்ட எச்சரிக்கையில் நிலை 3. இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம் என்று பொருள். ஜூன் 6: சாய்வுமானி மலை வெளிப்பக்கமாகச் சாய்வதைக் காட்டியது. ஜூன் 7: 7 முதல் 8 கி.மீ. உயரச் சாம்பல் தூண். நிலை 4, அதாவது 24 மணி நேரத்துக்குள் வெடிக்கலாம். அடுத்த நாள் காலை, உச்சிக்கு அருகே புதிய லாவாக் குமிழ் (வெளியே வந்த மாக்மா மேடாகக் குவிந்தது) கண்ணில் பட்டது. அடைப்பு திறந்ததும் வாயுவும் மறுபடி ஏறி, ஜூன் 10 அன்று பத்தாயிரம் டன்னைத் தாண்டியது. ஜூன் 9 நிலை 5. ஜூன் 10 அன்று கிளார்க் தளத்திலிருந்து சுமார் 14,500 பேர் வாகனங்களில் வெளியேறினார்கள். ஜூன் 12 காலை முதல் பெரிய வெடிப்பு. அதற்கு அடுத்த வெடிப்புகளுக்கு முன் நீள அலை அதிர்வுகள் அடுக்கடுக்காக வந்தன.

ஜூன் 15 பிற்பகலில் உச்சக்கட்டம். அதே நாளில் யூன்யா புயலும் அந்த வழியாகவே வந்தது. சாம்பல் 35 கி.மீ. உயரத்துக்குப் போனது. ஒரு நிலையம் தவிர மற்ற அதிர்வுமானிகள் எல்லாம் அழிந்தன. முன்பு 1,745 மீட்டர் உயரம் இருந்த உச்சி, 260 மீட்டர் குறைந்து, நடுவில் 2.5 கி.மீ. அகலப் பள்ளமாக மாறியது.

படி 8: மக்களிடம் சொல்வது

1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை பனியை உருக்கி அனுப்பிய சேற்று வெள்ளம் ஆர்மெரோ நகரை மூடியது. 20,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அபாய வரைபடம் முன்பே இருந்தது. சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பினாடுபோவுக்கு வந்த அமெரிக்கக் குழு, அந்தத் துயரத்துக்குப் பிறகு உருவாக்கப்பட்ட திட்டத்தின் குழுதான்.

அதனால் எச்சரிக்கை நிலைகளை எண்களாகவும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி விளக்கமாகவும் வைத்தார்கள். கனல் மேகம் என்றால் என்ன என்று வார்த்தையில் சொல்லிப் புரியவைக்க முடியாததால், காணொளி போட்டு அதிகாரிகளுக்கும் ஊர் மக்களுக்கும் காட்டினார்கள். அபாய வட்டம் 10 கி.மீ. தொடங்கி 40 கி.மீ. வரை விரிந்தது. குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகப் பின்னர் கணித்தார்கள். ஆனாலும் வெடிப்பின்போது ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். புயல் மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்காமல் கூரைகள் இடிந்ததே பெரும்பாலும் காரணம். பிறகு முகாம்களில் தட்டம்மை போன்ற நோய்களில் ஐட்டா குழந்தைகள் பலர் போனார்கள். முதலில் மலை விழித்ததைச் சொன்ன மக்கள் அவர்கள். கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வரவில்லை.

எல்லா மலையும் பத்து வாரம் கொடுக்காது. கரீபியன் தீவான குவாதலூப்பில் 1976இல் சுமார் 70,000 பேரை வெளியேற்றினார்கள். எதிர்பார்த்த பெரிய வெடிப்பு வரவேயில்லை. ஜப்பானின் ஓன்டாகே 2014 செப்டம்பர் 27 அன்று, எச்சரிக்கை மிகக் கீழான நிலை 1இல் இருக்கும்போதே நீராவி வெடிப்பாக வெடித்து 63 மலையேறிகளைக் கொண்டுபோனது. நடுக்கம் தொடங்கியது வெடிப்புக்கு 11 நிமிடம் முன்புதான். பிலிப்பைன்ஸின் தால் எரிமலை 2020 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் நிலை 1இலிருந்து 4க்குப் போனது.

நிலநடுக்கத்துக்கு இதே முறை ஏன் பொருந்தாது?

மாக்மா நகர்வதால் எரிமலை முன்கூட்டி அடையாளம் காட்டுகிறது. பிளவுக்கோட்டில் அப்படி நகர்ந்து வரும் எதுவும் இல்லை. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1993க்குள் நிலநடுக்கம் வரும் என்று கணித்து, கருவிகளைக் குவித்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பர் 28 அன்றுதான் வந்தது. நம்பத்தக்க முன்னறிகுறி எதையும் அத்தனை கருவிகளும் காட்டவில்லை.

நிலநடுக்கத்தில் கண்காணிப்பு உதவுவது அது தொடங்கிய பிறகுதான். 2004 டிசம்பர் 26 அன்று இந்திய நேரம் காலை 6.28க்குச் சுமத்ராவில் பிளவு உடையத் தொடங்கியது. ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பல நிமிடங்கள் உடைந்துகொண்டே போனது. முதல் கணக்கில் அளவு 8.0 என்றுதான் வந்தது. உண்மையில் அது 9.1. வேகமான குறுகிய அலைகளை வைத்துப் போடும் கணக்கு இவ்வளவு பெரிய நடுக்கத்தைக் குறைத்தே காட்டும். நம் கரையை அலை தொடுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் அதிகமான இடைவெளி இருந்தது. நாகப்பட்டினத்துக்குச் சொல்ல அன்று ஓர் அமைப்பு இல்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியதும், இப்போது நீண்ட அலைகளையும் கடலடி அழுத்தமானிகளையும் சேர்த்துப் பார்ப்பதும் அதன் பிறகுதான்.

நீங்களே பழகிப் பார்க்க

ஃபிவோல்க்ஸ் மயோன், தால் எரிமலைகளுக்குத் தினமும் அறிக்கை வெளியிடுகிறது. ஒரே பக்கம்தான்: கடந்த 24 மணி நேர அதிர்வு, கந்தக டைஆக்சைடு எத்தனை டன், புகை எவ்வளவு உயரம், நிலம் வீங்கியிருக்கிறதா, எச்சரிக்கை நிலை எவ்வளவு. ஒரு நோட்டில் ஐந்து பத்தி போட்டு அந்த எண்களைத் தினமும் எழுதுங்கள். முதல் மாதம் எதையும் கணிக்க வேண்டாம். இரண்டாவது மாதத்திலிருந்து, அறிக்கையின் கீழே உள்ள நிலையைக் கையால் மறைத்துக்கொண்டு, எண்களை மட்டும் பார்த்து உங்கள் நிலையை எழுதுங்கள். பிறகு கையை எடுத்துப் பாருங்கள். எங்கே வித்தியாசப்பட்டதோ அந்த நாளின் வாயுவையும் அதிர்வையும் அருகருகே வைத்து, எது எதைப் பொய்யாக்குகிறது என்று தேடுங்கள்.